முன்னால் போன சக்கரம்

மதியம் இரண்டு மணிக்கு இரண்டாவது கணவாயின் உச்சியில் வந்து இறங்கியபோது லேத்துப் பட்டறைக்காரருக்கு மூச்சு இரைத்தது. ஆனாலும் வாயெல்லாம் பல். நாற்பத்தாறு வயதில், தொப்பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, சைக்கிளை மிதித்தே இவ்வளவு உயரம் ஏறியிருக்கிறார். சும்மாவா?

பின்னாலேயே அவருடைய மைத்துனன் வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார், முப்பது வயது.

"மாமா, தொப்பை பாதி கரைஞ்சிடுச்சு போல!"

"மீதி இருக்கட்டும்டா. இல்லேன்னா உங்க அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியாது."

அக்கா என்றாலே அவனுக்கு முகம் இளகிவிடும். ஆறு வயதில் பெற்றவர்களை இழந்தவனைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள்தான். கிளம்பும்போது வாசலில் நின்று கணவரிடம் சொன்னாள்: "நீங்க எப்படியோ போங்க. அவன் மேல ஒரு கீறல் இருக்கக் கூடாது. ஆமாம், சொல்லிட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

மூன்றாவது கணவாய்க்கு இன்னும் பத்து கிலோமீட்டர். மலையின் விலாவை ஒட்டி லேசான இறக்கமாகப் போகும் பாதை. இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளத்தாக்கு, நடுவே முழங்கால் உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர். இருவரும் மஞ்சள் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முதல் வளைவு திரும்பியதுமே எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது.

இப்படிக் காற்றடித்தால் சைக்கிள்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார்; அதை 'இழுப்பது' என்பார்கள். மற்றவர் அவர் முதுகுக்குப் பின்னால், ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிக்கொள்வார். முன்னால் இருப்பவர் களைத்துவிட்டால் வலது முழங்கையை ஒரு வெட்டு வெட்டுவார். 'இப்போது நீ வா' என்று அர்த்தம். பின்னால் வருகிறவருக்குப் பாதை தெரியாது. தெரிவதெல்லாம் முன்னால் போகிறவரின் சக்கரம் ஒன்றுதான். அது போகும் இடமெல்லாம் நம்பிப் போக வேண்டும்.

பட்டறைக்காரர் முன்னால் போனார். நான்கு கிலோமீட்டருக்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. தொடை நெருப்பாய் எரிந்தது. முழங்கையை வெட்டினார்.

மஞ்சள் ரெயின்கோட் ஒன்று அவரைக் கடந்து முன்னால் வந்தது. அப்பாடா என்று அதன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

பையன் நன்றாகத்தான் இழுத்தான். ஆனால் நாற்றம். கருகிய பிரேக் ரப்பரும் பச்சை ரத்தமும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் முன்னாலிருந்து வந்தது. ஈரத் தார்ச்சாலையில் அவருடைய சக்கரம் சேற்றை வாரி அடித்தது. முன்னால் போன சக்கரத்திலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை. சங்கிலிச் சத்தமும் இல்லை.

"மாமா."

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"மாமா, முன்னால போறது யாரு?"

பட்டறைக்காரர் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தார். மைத்துனன் அவருக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தான்.

"தெரியலடா," என்றார் மெல்ல. "கொஞ்சம் பின் தங்கு. அந்த ஆள் போகட்டும்."

மிதிப்பதை நிறுத்தினார். கால் நிற்கவில்லை.

பிரேக்கை இறுக்கினார். ரப்பர் அலறியது, வேகம் மட்டும் குறையவே இல்லை. முன்னால் போகிறவன் எப்படி மிதித்தானோ அப்படியே அவர் காலும் சுற்றியது. முழங்கால் மூட்டு நெறிபட்டது. வாய்விட்டுக் கத்தினார்.

மைத்துனன் அவரை முந்திக்கொண்டு இடையில் புகுந்தான். கண் சிமிட்டாமல் முன்னால் போன சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இழுக்கறாரு மாமா," என்றான் தூக்கத்தில் பேசுகிறவனைப் போல. "விட்டுடக் கூடாது."

"டேய், வேண்டாம்டா! விலகு!"

அவன் காதில் அது ஏறவில்லை.

பனி மொத்தமாக வந்து மூடியது. பத்து எண்ணும் நேரம். கையெதிரே ஹேண்டில்கூடத் தெரியவில்லை. விலகியபோது நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில், ஒரு மஞ்சள் முதுகு. அதற்கும் முன்னால் இன்னொன்று.

அதற்கும் அப்பால் பாதை இடது பக்கம் திரும்பியது. வளைவில் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்தது.

முதலாவது சைக்கிள் திரும்பவில்லை.

யோசிக்க நேரமில்லை. கீறல்கூட இருக்கக் கூடாது என்றாளே, இப்போது அவன் எலும்பை உடைத்தால்தான் உயிர் மிஞ்சும். சைக்கிள் சட்டத்தில் மாட்டியிருந்த, காற்றடிக்கும் இரும்புப் பம்பை உருவி, எதிரே இருந்த பின்சக்கரத்தின் கம்பிகளுக்குள் முழு பலத்தோடு சொருகினார்.

கம்பிகள் படபடவென்று அறுந்தன. மஞ்சள் உருவம் தலைகுப்புறப் பறந்து, சுவர்க்கல்லில் முகத்தால் மோதியது. ஈரத் துணியைத் துவைகல்லில் அறைந்த மாதிரி ஒரு சத்தம். அதே நொடியில் முன்னால் போன உருவம் இடிந்த இடைவெளி வழியாகப் பள்ளத்தில் பாய்ந்தது.

"மாமா!" என்று ஓர் அலறல் கேட்டது.

பட்டறைக்காரரும் உருண்டு விழுந்தார். கால் இப்போது அவர் சொன்னபடி கேட்டது. தவழ்ந்து போனார். விழுந்தவன் முகம் முகமாகவே இல்லை. மூக்கு இருந்த இடத்தில் குழி. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"மன்னிச்சிடுடா... வேற வழி தெரியலடா..." என்று அழுதுகொண்டே தலையை மடியில் எடுத்து வைத்தார்.

இரண்டு கைகள் எழுந்து அவர் கழுத்தைப் பிடித்தன.

நகம் சதைக்குள் இறங்கியது. கண் இருட்டியது. அதிர்ச்சியில் ஆள் தெரியாமல் செய்கிறான் என்றுதான் நினைத்தார். வேறு வழியில்லாமல் உடைந்த அந்தத் தாடையிலேயே ஓங்கிக் குத்தினார். ஒரு தரம் போதவில்லை. மூன்றாவது குத்தில்தான் பிடி தளர்ந்தது. வளர்ந்த மனிதர், சாலை நடுவே உட்கார்ந்து குழந்தையைப் போல அழுதார். மரம் ஏற்றி வந்த லாரிக்காரர் இருவரையும் தூக்கிப் போட்டுக்கொண்டு மலையடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இன்னோர் ஆள் பள்ளத்தில் விழுந்துவிட்டான் என்று பட்டறைக்காரர் எல்லாரிடமும் சொன்னார். காலையில் தேடுவதாகச் சொன்னார்கள்.

விடிந்ததும் மனைவி வந்தாள். வார்டு வாசலில், நர்சுகள் பார்க்கப் பார்க்க, கணவர் கன்னத்தில் அறைந்தாள்.

"உங்களை நம்பித்தானே அனுப்பினேன்!"

"உயிரோட இருக்கான்மா," என்றார் அவர். வாங்கிய அடி அவருக்கு இதமாகத்தான் இருந்தது. "உயிரோட கொண்டாந்துட்டேன்."

கட்டிலில் கிடந்தவனுக்கு உச்சந்தலை முதல் கழுத்து வரை கட்டு. தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள். கைகள் வீங்கிக் கறுத்திருந்தன. மனைவி தனியறைக்குள் போய்க் கட்டில் அருகே உட்கார்ந்தாள். யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

பதினோரு மணிக்குத் தேடப் போனவர்களிடமிருந்து போன் வந்தது.

"சார், பள்ளத்துல ஆள் கிடைச்சுட்டாரு. உயிர் இல்ல. கையில ஒரு பட்டை கட்டியிருக்காரு. ரத்த வகை போட்டு, கீழ உங்க நம்பர் எழுதியிருக்கு."

"அது என் மைத்துனனோடது. விழுந்தப்ப கழண்டு உருண்டிருக்கும்."

"கழண்டு கிடக்கலைங்க. ஆள் கையிலதான் இருக்கு." அந்தக் குரல் தயங்கியது. "முகம் நல்லா அடையாளம் தெரியுது. முப்பது வயசு இருக்கும். இடது புருவத்துல ஒரு பழைய வெட்டுத் தழும்பு."

ஊஞ்சலிலிருந்து விழுந்து வாங்கிய தழும்பு. ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை மனைவி எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்!

பனிக்குள் அந்தப் பத்து எண்ணும் நேரத்தில் முன்னால் போன உருவம் மைத்துனனோடு இடம் மாறியிருந்தது. அவர் காப்பாற்றியது வேறொன்றை.

நடைபாதையில் ஓடினார். தட்டோடு வந்த நர்சு சுவரோரம் ஒதுங்கினாள்.

"மெதுவா சார்! தம்பி கண் முழிச்சிட்டாரு. அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கறாரு."

கதவில் சின்னக் கண்ணாடி பதித்திருந்தது. உள்ளே மனைவி குனிந்து, கட்டுப் போட்ட நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுடைய இன்னொரு மணிக்கட்டு அந்தக் கறுத்த விரல்களுக்குள் இருந்தது.

"வெளிய வா!" என்று கதவைக் குத்தினார். "அது அவன் இல்ல! கையை விட்டுட்டு வெளிய வா!"

"சும்மா இருங்க, இப்பதான் முழிச்சிருக்கான்," என்றாள் அவள் திரும்பாமலேயே. பிறகு கட்டிலைப் பார்த்து, கொஞ்சலாக, "டேய், மெதுவாப் பிடிடா. வலிக்குது."

தோளால் கதவை இடித்தார். தாழ் அசையவில்லை.

கட்டுப் போட்ட தலை மெல்லக் கண்ணாடிப் பக்கம் திரும்பியது. கம்பி போட்டு இறுக்கியிருந்த வாய், கம்பியை அறுத்துக்கொண்டு திறந்தது.

"மாமா," என்றது, மைத்துனனின் குரலிலேயே.

அதன் பிறகுதான் மனைவி அலற ஆரம்பித்தாள்.