வலது முன்சக்கரம்

மெக்கானிக் கதவைத் தட்டியபோது சர்வேயரம்மாவின் கணவர் சலவைக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையின் ஆயுசு இன்னும் மூன்று மணி நேரம்தான் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. சர்வேயரம்மா முப்பது வருஷமாக விபத்தான வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிறவள். கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவளுடைய உதவியாளர். அந்தப் பதவியை அவருக்கு அவரேதான் கொடுத்துக்கொண்டார்.

மெக்கானிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். நாற்பது வயது ஆள். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திண்டாடினான்.

“பல் டாக்டரோட பச்சைக் கார் தெரியுமில்ல மேடம்? இங்கிலாந்துல செஞ்ச பழைய ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டே சீட்டு. திங்கக்கிழமை புதுச் சக்கரமும் டயரும் மாட்டி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை டாக்டர் ஓட்டிட்டுப் போறப்போ வலது முன்சக்கரம் கழண்டு ஓடிடுச்சு. வண்டி மரத்துல மோதி அவருக்குக் கை முறிஞ்சுபோச்சு.”

“அப்போ நீ நட்டை ஒழுங்கா முடுக்கலை,” என்றார் கணவர். முதல் நிமிஷத்திலேயே வழக்கை முடித்துவிடுவது அவர் வழக்கம்.

“அதைத்தான் சார் ஊரே சொல்லுது. நாளைக்குப் பழைய கார் சங்கத்துல கூட்டம். இனி யாரும் என்கிட்ட வண்டி விடக்கூடாதுன்னு முடிவு பண்ணப் போறாங்க. அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு நட்டுக்கும் ஏழு அடி அடிப்பேன், இருபது வருஷப் பழக்கம். அன்னிக்கு அடிச்சேனான்னு எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு. வேற எந்த வண்டியிலயும் கை வைக்க முடியலை.”

சர்வேயரம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “வா தம்பி, முதல்ல அந்தச் சக்கரத்தைப் பாக்கலாம்.”

பட்டறையில் கார் மூக்கு நசுங்கி நின்றது. சக்கரங்கள் சைக்கிளுக்கு இருப்பதுபோல் கம்பி கோத்தவை. ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு. அந்தக் காதில் அடித்துத்தான் முடுக்க வேண்டும்; கழற்றுவதும் அப்படியே. மெக்கானிக் தன்னுடைய செம்புச் சுத்தியலைக் காட்டினான். செம்பு மெத்தென்றிருப்பதால் பள்ளம் விழாதாம், சிவப்பாக ஒரு தடம் மட்டும் பதியுமாம். மற்ற மூன்று நட்டுகளிலும் அப்படித்தான் இருந்தது.

சாலையோரத்திலிருந்து பொறுக்கி வந்த நாலாவது நட்டில் அம்மைத் தழும்பு மாதிரி ஒரே பள்ளம். சிவப்புத் தடம் இருந்ததா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை.

“உருண்டு ஓடினதுல பட்ட அடி,” என்றார் கணவர்.

“உருண்டா விளிம்புல படுங்க. இதெல்லாம் காதுக்கு நடுவுல இருக்கு, கல்லால அடிச்ச மாதிரி. தம்பி, முடுக்கும்போது எந்தப் பக்கம் அடிப்பே?”

அவன் தொட்டுக் காட்டினான். அவள் எண்ணினாள். கழற்றும் பக்கத்தில் எட்டுப் பள்ளம். முடுக்கும் பக்கத்தில் இருபத்திரண்டு.

“இருபத்திரண்டு அடி அடிச்சு முடுக்கின நட்டா கழண்டுச்சு?” என்று கணவர் வியந்தார். அவள் மெக்கானிக்கிடம் திரும்பினாள்.

“இந்த டயரைத் தேர்ந்தெடுத்தது யாரு?”

“நான்தான் மேடம். டாக்டருக்கு அகலமான டயர் மேல ஆசை. அது மட்கார்டுல உரசும், ஸ்டியரிங் கனக்கும்னு சண்டை போட்டு இந்தக் குறுகலான டயரைப் போட வச்சேன். கம்பிச் சக்கரத்துல கம்பி முனையில எல்லாம் காத்து கசியும், அதனால உள்ளே ட்யூப். எல்லாமே புத்தம் புதுசு. பழைய டயர்ல நல்லதா ஒண்ணைக் கழுவி ஸ்டெப்னியா டிக்கியில வச்சேன். கடைசியா சீட்டுக்குக் கறுப்பு பாலிஷ் போட்டேன். நாலு நாளைக்கு ஒட்டும், அதுவரைக்கும் உட்காராதீங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லித்தான் அனுப்பினேன்.”

சர்வேயரம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பெடல் எட்டவில்லை. சீட்டின் தண்டவாளம் துருப்பிடித்து இறுகிப்போய் நகரவும் இல்லை. டாக்டர் உயரத்துக்குச் சரியாக இருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டதாக மெக்கானிக் சொன்னான்.

பிறகு அவள் டிக்கியைத் திறந்தாள். கழுவி வைத்த ஸ்டெப்னியின் பள்ளங்களில் பொடிக் கற்கள் சிக்கியிருந்தன. கழன்றோடிய சக்கரத்தின் டயரைப் பிரிக்கச் சொன்னாள். உள்ளே இருந்த புது ட்யூபில் ஒரு ஒட்டு. மெக்கானிக் மலைத்துப்போய் நின்றான்.

பல் டாக்டர் வீட்டுக்கு மூன்று பேரும் வெயிலில் நடந்தே போனார்கள். டாக்டர் கட்டுப் போட்ட கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். நெடிய மனிதர். அவருடைய மச்சான், அவரைவிட நெட்டை, கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நின்றான். டாக்டரின் மனைவி காபி கொண்டுவந்தாள். அவள் சர்வேயரம்மாவின் தோளுக்குத்தான் வருவாள். இரண்டு உள்ளங்கையிலும் பிளாஸ்திரி.

“கத்தி பட்டுடுச்சு,” என்றாள், யாரும் கேட்காமலே.

கணவருக்கு வியர்த்து ஊற்றியது. சோபாவில் இருந்த நீலத் திண்டைத் தட்டி, திருப்பிப் போட்டு, சுகமாகச் சாய்ந்தார்.

“வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி யாராவது வண்டியை எடுத்தாங்களா?” என்று சர்வேயரம்மா கேட்டாள்.

“எவனும் தொடலை. நானே வெள்ளிக்கிழமைதான் முதல்ல உட்கார்ந்தேன்,” என்றார் டாக்டர். “இந்த ஆளோட அலட்சியத்துக்கு நீங்க எதுக்கு மேடம் அலையறீங்க?”

கணவர் மச்சானைப் பார்த்தார். சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற வாலிபன். விடுவாரா? “தம்பி, நீங்கதானே எடுத்தீங்க? பஞ்சராச்சு, நட்டைக் கல்லால அடிச்சீங்க. உண்மையைச் சொல்லுங்க!”

“கல்லாலயா? வலது பக்க நட்டு தலைகீழாச் சுத்தும், பக்கம் பாத்து அடிக்கணும்னு மெக்கானிக் அண்ணன் அத்தானுக்குச் சொல்லிக்கொடுத்தப்போ பக்கத்துல நின்னதே நான்தான். அந்தச் சுத்தியல் இல்லாம நான் அதைத் தொடக்கூட மாட்டேன் சார்.”

“அவர் சொல்றது சரி,” என்றாள் சர்வேயரம்மா. “என்னங்க, கொஞ்சம் எழுந்து திரும்புங்க.”

கணவர் திரும்பினார். வெள்ளைச் சட்டையின் முதுகில் கறுப்பாக ஒரு பட்டை. நீலத் திண்டிலும் அதே கறுப்பு.

“முடுக்கற பக்கம் இருபத்திரண்டு பள்ளம். அத்தனை அடியும் முடுக்க அடிச்சதுன்னா சக்கரம் கழண்டிருக்காது. கழட்டறதா நினைச்சு அடிச்ச அடி அது. உலகத்துல மத்த நட்டெல்லாம் சுத்தற மாதிரி இதுவும் சுத்தும்னு நம்பின ஒருத்தர், வலது பக்கம் தலைகீழ்னு தெரியாதவர். டாக்டருக்குத் தெரியும், மச்சானுக்கும் தெரியும். ரோட்டுல ஸ்டெப்னியை மாட்டி, ட்யூபுக்கு ஒட்டுப் போட்டு, வீட்டுக்கு வந்து பழையபடி மாத்தியிருக்காங்க. அந்த சீட்டு நகராது. உயரமானவங்களுக்கு முதுகுக்குத் திண்டு வேண்டாம். குள்ளமானவங்களுக்கு வேணும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “கத்தி ஒரே நேரத்துல ரெண்டு உள்ளங்கையிலயும் படாதும்மா.”

டாக்டரின் மனைவி காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

“புதன்கிழமை எடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி நான் நல்லா ஓட்டுவேன். இந்த வீட்டுல இருபது வருஷமா என்னை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. பன்னெண்டு கிலோமீட்டர் போனேன். அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் ஆணி குத்திடுச்சு.” டாக்டரைப் பார்த்தாள். “திரும்ப மாட்டும்போது நல்லா முடுக்கிட்டேன்னுதான் நினைச்சேன். நீங்க கட்டோட வந்து நின்னப்போ சொல்லத் தைரியம் வரலை.” மெக்கானிக்கிடம் திரும்பியபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். “உங்க பேர் கெட்டுப்போறதைக் கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். மன்னிச்சுடுங்க.”

ஊரையே வாயைத் திறக்கச் சொல்லிப் பழகிய டாக்டர் தன் வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில், “நாளைக்குக் கூட்டத்துல நானே சொல்லிடறேன்,” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

மெக்கானிக் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “நீங்க எத்தனை அடிம்மா அடிச்சு மாட்டினீங்க?”

“மூணோ நாலோ. கை எரிஞ்சுது. நீங்க மாட்டினதைக் கழட்டத்தான் ஒரு மணி நேரம் ஆச்சு. முதல்ல தப்பான பக்கம் அத்தனை அடி அடிச்சும் ஒரு நூல்கூட அசையவே இல்லை. அவ்வளவு இறுக்கம்.”

“அசையலையா?”

“அசையவே இல்லைங்க.”

அவன் தன் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வண்டி சரியானதும் பட்டறைக்கு வாங்கம்மா. வலது பக்கம் எப்படி அடிக்கணும்னு காட்டறேன்,” என்றான். டாக்டர் மறுக்கவில்லை.

வாசலுக்கு வந்ததும் கணவர் சட்டையின் முதுகை முன்னால் இழுத்துப் பார்க்க முயன்று தோற்றார். “ஏம்பா, இந்தக் கறை போகுமா?”

“போகாது சார்,” என்றான் மெக்கானிக். “நான் போட்ட பாலிஷ்.”