வெஸ்டர்லுண்டின் வெள்ளிக் கிண்ணம்

டிசம்பர் மாதம், ஞாயிறு காலை ஒன்பது மணி. ஆராதனைக்கு ஆயத்தமாக அலமாரியைத் திறந்த போதகர் இங்கெர் அலறியே விட்டார். வெள்ளிக் கிண்ணத்தைக் காணோம்.

வெஸ்டர்லுண்ட் ஊரின் எண்ணூறு வருடத்துத் தேவாலயம் அது. போன கோடையில் குழாய் பதிக்கத் தரையைத் தோண்டியபோது, பழங்காலப் பாதிரியார் ஒருவரின் எலும்புக் கைகளுக்கிடையே அந்தக் கிண்ணம் கிடைத்தது. தோண்டியவர் டெர்கெல், கல்லறைத் தோட்டக்காரர். "செத்தவர் கையில இருந்து புடுங்கலாமா? திருப்பிப் புதைங்க" என்று அன்று முதல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். மறுநாள் அதை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போவதாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும். எல்லாக் கண்ணும் டெர்கெல் மேல்தான்.

பூட்டு உடையவில்லை. சாவி மூவரிடம் மட்டுமே: போதகர், டெர்கெல், ஆர்கன் வாசிக்கும் விலாட்ஸ். விசாரிக்க வந்த காவல் ஆய்வாளர் போடில் பக்கத்து ஊர்ப் பெண். அவருக்கு வளவளப்பு பிடிக்காது.

"எடுத்தீங்களா, டெர்கெல்?"

"இல்ல."

"ஆசை இருந்துச்சா?"

"இருந்துச்சு. எடுத்தா வேலை போகும், வேலையோட வந்த வீடும் போகும். எனக்கென்ன பைத்தியமா?"

போடிலுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் வழக்கு நடக்காது.

விலாட்ஸ் சிரித்தார். "இதுல துப்பறிய என்ன இருக்கு மேடம்? நானா? அக்டோபர் பூரா பெர்லின்ல கச்சேரி. வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது."

போடில் போதகரோடு வெளியே நடந்தார். வருடந்தோறும் செய்வதுபோல், குளிர்காலத்துக்காகக் கல்லறைகளின் மேல் டெர்கெல் ஊசியிலைக் கிளைகளை அழகாக அடுக்கியிருந்தார். வடக்கு வரிசை மட்டும் மொட்டையாகக் கிடந்தது.

"அந்த வரிசை மொத்தமும் குடும்பத்துக்காரங்க கைவிட்ட இடம்" என்றார் இங்கெர். "கல்லையெல்லாம் வசந்தத்துல எடுத்துருவோம், அதான் கிளையும் போடல. அக்டோபர் சபைக் கூட்டத்துல நான்தான் சொன்னேன். டெர்கெலும் இருந்தார்."

"மொத்தமுமா? அப்ப அந்தக் கோடியில ஒண்ணு மட்டும் ஏன் பச்சையா இருக்கு?"

போடில் மற்ற இருவரையும் அங்கேயே அழைத்து, கிளைகளை விலக்கினார். கிளறிய மண்ணில் ஒரு துணி மூட்டை. உள்ளே கிண்ணம்.

"சொன்னேன்ல!" என்றார் விலாட்ஸ். "கிளை போர்த்துறது அவர் வேலைதானே!"

"அதான் அவர் இல்லைங்கறேன். வசந்தத்துல இந்தக் கல்லைப் பேர்க்கப் போறவரே அவர்தான். கைவிட்ட கல்லறைக்கு அவர் ஏன் கிளை போர்த்தணும்? ஊர்க் கண்ணை உறுத்தும்னு அவருக்குத் தெரியாதா? போதகருக்கும் தெரியும். 'டெர்கெல் இன்னும் இந்த வரிசைக்கு வரல போல, நாமளே மூடிட்டா குளிர் முடியற வரைக்கும் யாரும் தொடமாட்டாங்க'ன்னு நெனைக்க, கூட்டத்துல இல்லாத ஆளு வேணும். சாவிக்காரங்கள்ல அது நீங்க ஒருத்தர்தான், விலாட்ஸ்."

விலாட்ஸின் முகம் சுண்டியது. "பெர்லின்ல ஒருத்தர் வாங்கிக்கறேன்னார்..." என்று முனகினார்.

ஆராதனை மணி அடித்தது. இங்கெர் டெர்கெலின் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். மன்னிச்சிருங்க. இப்ப ஆர்கனுக்கு யாரு?"

"வாத்தியம் இல்லாமலே பாடுவோம்" என்றார் டெர்கெல்.

இத்தனை வருடமும் கடைசிப் பெஞ்சை விட்டு நகராத மனிதர், ஊர் முழுக்கப் பார்த்திருக்க முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பாட்டை உரக்கத் தொடங்கினார்.