சைலன்சர் மாட்டிய பிறகு

ஆட்டம் முடிந்து, யார் எத்தனை பேரைச் சுட்டார்கள் என்ற பட்டியல் திரையில் வந்த பிறகும் காலடிச் சத்தம் நிற்கவில்லை. டக்... சர்ர்... டக். ஒரு காலை ஊன்றி, ஒரு காலை இழுத்து, தடுமாறித் தடுமாறி நடக்கிற சத்தம். அவள் ஹெட்செட்டைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினாள். ஒன்றுமில்லை. திரும்பவும் அழுத்தி வைத்தாள். டக்... சர்ர்.

மதியம் மூன்றரை மணி. வெளியே மழை மூட்டம். வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்று மகள் சிணுங்கியதால் வீடு முழுக்கத் திரைச்சீலைகளை இழுத்து விட்டிருந்தாள். ஐந்து வயதுச் சிட்டு இரண்டு நாள் காய்ச்சலில் வாடிப்போய், இப்போதுதான் மருந்து குடித்துவிட்டு உள்ளறையில் கண்ணயர்ந்திருந்தாள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். வர ஏழு மணியாகும். பிள்ளைக்காக விடுப்பு எடுத்த தாய் துணி மடிக்கலாம், கூடவே படுத்துக் கொஞ்சம் தூங்கலாம். இவள் கூடத்து மூலையில் கணினி முன்னால் உட்கார்ந்து, வேறு ஊரிலிருக்கும் கொழுந்தனோடு கூட்டணி சேர்ந்து முன்பின் தெரியாதவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சல்காரப் பிள்ளை கூப்பிட்டால் ஓடுகிற தூரம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் காதுதான் பிழைப்பு. மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பவள். கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று குறிப்பது வேலை. அந்த வித்தையை விளையாட்டிலும் இறக்கினாள். ஹெட்செட்டில் இசையை அணைத்தாள். காற்றையும் வெடிச் சத்தத்தையும் அமுக்கினாள். மனிதக் காலடிக்கு உரிய ஒலியை மட்டும் ஏற்றி வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் நின்ற இடத்தில் கால் மாற்றினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். விளையாட்டில் அவளுக்குப் பெயரே 'பாம்புக்காது'. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"அண்ணி, பாப்பா எழுந்துட்டாளா?" என்றான் கொழுந்தன், ஹெட்செட்டுக்குள்.

"இல்லியே. ஏன் தம்பி?"

"உங்க மைக்ல யாரோ நடக்கற சத்தம் வருது."

தன் குரல் எவ்வளவு சத்தமாகப் போகிறது என்று தெரிவதற்காக, மைக் பிடிப்பதெல்லாம் தன் காதிலும் கேட்கும்படி வைத்திருந்தாள். அப்படியென்றால் இது விளையாட்டிலிருந்து வரவில்லை. வெறுங்காதுக்கு எட்டாத அளவு மெல்லிய சத்தத்தை மைக் பிடித்து, அவள் ஏற்றி வைத்த ஏற்பாடு பெரிதாக்கிக் கொடுக்கிறது. நடப்பது வீட்டுக்குள்.

எழுந்து போய்ப் பார்த்தாள். சிட்டு ஒருக்களித்துப் படுத்திருந்தாள், நெற்றி சுட்டது. வாசல் கதவு தாழிட்டிருந்தது. சமையலறையில் பாத்திரங்களும், குளியலறையில் சொட்டும் குழாயும் தவிர வேறெதுவும் இல்லை. வீட்டுக்குள் செருப்புகூடப் போடாத குடும்பம் அது. கேட்டதோ கனத்த பூட்ஸ் சத்தம்.

"ஒண்ணுமில்ல தம்பி. மாடி வீட்டுக்காரங்களா இருக்கும்."

"உங்களுக்கு மேல ஏது அண்ணி வீடு? மொட்டை மாடிதானே?"

"அப்ப உன் காதுதான் கோளாறு. ஆஸ்பத்திரிக்கு வா, இலவசமா பார்த்து விடறேன்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது.

அவள் வைத்திருந்தது ஒரு எஸ்எம்ஜி. இரண்டு கைக்குள் அடங்கும் குட்டை மெஷின் துப்பாக்கி. வேகத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் சுடும்போது முனை கன்னாபின்னாவென்று ஆடும், குண்டு எங்கேயோ போகும். ஐந்து பேரை வீழ்த்தினால் ஒரு புதுப் பாகம் திறக்கும். இன்னும் மூன்றே பாகங்கள் பாக்கி: முனையின் ஆட்டத்தை அடக்கும் கிரிப், சத்தத்தை விழுங்கும் சைலன்சர், குறி காட்டும் லேசர். பாகம் திறந்ததும் தானாகவே மாட்டிக்கொள்ளட்டும் என்று எப்போதோ ஒரு பொத்தானைத் தட்டிவிட்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி நிதானமாக மாட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

ஐந்தாவது ஆள் விழுந்தான். கிரிப் வந்து பொருந்தியது. துப்பாக்கி முனை ஆணி அடித்தாற்போல நின்றது.

அதே நொடியில் காதில் அந்த இழுவை நின்றுபோனது. டக். டக். டக். இரண்டு காலிலும் ஒரே எடை, ஒரே இடைவெளி. நொண்டிக்கொண்டிருந்த ஒன்று நேராக நிற்கக் கற்றுக்கொண்டிருந்தது. எத்தனையோ காதுகளைச் சோதித்தவளின் காது பொய் சொல்லவில்லை.

"அண்ணி, இப்ப நல்லாவே கேக்குது. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. இன்னொரு தடவ போய்ப் பாருங்களேன்."

போகத்தான் நினைத்தாள். ஹெட்செட்டைக் கழற்றினால் அது எங்கே வருகிறது என்று தெரியாது. கழற்றாவிட்டால் அதன் வயர் அவளை நாற்காலியை விட்டு நகர விடாது. கேட்டுக்கொண்டே இருந்தாள். விரல்கள் மட்டும் பழகிய பழக்கத்தில் ஓடின, திரும்பின, சுட்டன. சத்தம் கூடிக்கொண்டே வந்தது. கூடுகிறது என்றால் நெருங்குகிறது. டக். டக். முதுகுக்குப் பின்னால் சமையலறைப் பக்கம். டக்.

ஐந்து பேர் முடிந்தார்கள். சைலன்சர் மாட்டிக்கொண்டது.

சத்தம் நின்றது.

அப்பாடா என்று சாய்ந்தாள். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"போயிடுச்சு தம்பி. கேக்குதா உனக்கு?"

"இல்ல அண்ணி. சுத்தமா இல்ல."

"மைக் கோளாறுதான். வயரை மாத்தணும்."

உயிர் திரும்பி வந்த தெம்பில் அடுத்தடுத்து நான்கு பேரைச் சாய்த்தாள். தண்ணீர் குடிக்கலாம் என்று பாட்டிலுக்குக் கை நீட்டியபோது, கடைக்கண்ணில் சமையலறைக் கதவு தெரிந்தது. அது மெல்லத் திறந்துகொண்டிருந்தது. தொட்டாலே ஊரைக் கூட்டுகிற கதவு அது; எண்ணெய் விட்டும் அடங்காத கீல். இப்போது முழுக்கத் திறந்து, சுவரில் போய் மோதியது. ஒரு சத்தமும் இல்லை.

அது போகவில்லை. அதன் சத்தம்தான் போயிருந்தது. அதைப் போக்கியது அவள்தான்.

சைலன்சரைக் கழற்றப் போனாள். ஆட்டம் முடியும்வரை மாற்ற முடியாது என்றது திரை. மறுபடி அழுத்தினாள். முடியாது. மறுபடி. அந்தச் சமயம் பார்த்துத் திரையில் ஒரு எதிரி மூலையிலிருந்து பாய்ந்தான். சுடாதே என்று மனம் சொல்வதற்குள் விரல் சுட்டுவிட்டது.

ஐந்து.

திரையில் துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. இருண்ட கூடத்தில், கணினிக்கு மேலே சுவரில், மிளகளவு ஒரு சிவப்புப் புள்ளி.

"அண்ணி? என்ன ஆச்சு? கேம்ல ஏன் அப்படியே நிக்கறீங்க?"

புள்ளி சுவரில் இறங்கியது. மேசைக்கு வந்தது. அவள் கைமேல் ஏறியது. சூடில்லை. எடையில்லை. ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, இவள் வேண்டாம் என்பதுபோல் விலகியது.

பிளக்கைப் பிடுங்கினாள். கணினி செத்தது. கொழுந்தன் குரல் அறுந்தது.

புள்ளி சாகவில்லை.

தரையில் ஊர்ந்தது. நடைவழியில் திரும்பியது. உள்ளறைக் கதவு. கைப்பிடி. கதவின் இடுக்கு.

உள்ளே.

ஓடினாள். நாற்காலி கவிழ்ந்தது. கதவைத் தள்ளினாள்.

சிட்டு கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகச் சிரிக்காத பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். போர்வைமேல் நின்ற சிவப்புப் புள்ளியைக் கையால் பொத்தினாள். அது புறங்கைக்குத் தாவியது. அங்கே பொத்தினாள். முழங்கைக்குத் தாவியது.

"அம்மா, பாரேன்! பிடிக்கவே முடியல!"

அவள் மகளை அள்ளி மார்போடு சேர்த்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டி, தன் உடம்பால் மறைத்தாள். புள்ளி அவள் தோளைத் தாண்டி மேலிருந்து இறங்கி, பிள்ளையின் நெற்றிக்கு வந்தது. இடது பக்கம் சாய்ந்தாள். அதுவும் சாய்ந்தது. குனிந்தாள். குனிந்தது. மயிரிழைகூட ஆடவில்லை.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. சிட்டு பார்த்தாள். அம்மாவின் தோளுக்கு மேலே, வெகு உயரத்தில், மிக அருகில்.

"அங்கிள், இன்னொரு தடவ ஓட விடுங்க," என்றாள்.

புள்ளி பிள்ளையின் நெற்றியிலேயே நின்றது.