ஐந்தாம் எண் விரிவில்லை

வேளச்சேரிக் கல்யாண மண்டபத்தின் மேடையில் புதுமனைப் புகுவிழாப் பால் பொங்கி வழிந்தது. வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அடுப்புக்குப் பின்னால், சுவர் முழுக்க, புது வீட்டின் சமையலறைப் படம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நூறு பேருக்குப் பந்தி போட அங்கேயே சமைத்து எடுத்துவிடலாம் போல அது பரந்து கிடந்தது. வீட்டுக்காரர் வேட்டி நுனியைப் பிடித்தபடி பெருமையோடு நின்றார். வீடு எங்கே இருக்கிறது, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது, அடுத்தவர் பீரோவைத் திறந்து காட்டச் சொல்வது மாதிரி நாகரிகமில்லாத காரியமாகிப் பத்து வருடங்களாகிவிட்டன.

படத்தை எடுத்த இளம்பரிதி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அந்தச் சமையலறையில் உண்மையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவனுக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். கேசரி நன்றாக இருந்தது. இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டான்.

எல்லாம் விரிவில்லை என்கிற கேமரா லென்ஸின் உபயம். முன்காலத்து அகலவில்லைகளும் பொய் சொல்லத்தான் செய்தன. ஆனால் கையும் களவுமாக மாட்டிக்கொள்ளும். ஓரத்தில் இருக்கிற நாற்காலி இழுபட்டுப்போகும், மூலையில் நிற்கிற ஆளின் தலை வீங்கிப்போகும், கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் கதவு நிலைகள் விழப்போவது போல நிற்கும். பார்க்கிறவனுக்கு உடனே சந்தேகம் தட்டிவிடும். விரிவில்லை அப்படியில்லை. அது கண்ணாடியே அல்ல. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே அடைத்த திரவம். மின்சாரம் பாயும்போது அறையின் ஒவ்வொரு மூலைக்கும் ஏற்றபடி தனித்தனியாக வளைந்து கொடுக்கும். நாற்காலி நாற்காலியாகவே இருக்க, அறை மட்டும் விரியும். மனிதர்கள் நம்பினார்கள். படத்தைப் பார்த்து வீட்டை அளக்கும் அரசாங்க இயந்திரமும் நம்பியது. ஊரில் எல்லோர் வீடும் பெரிதாகிவிட்டது. தன் வீடு மட்டும்தான் சின்னது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கூசிக்கொண்டு, யாரையும் வாசற்படி ஏற்றாமல் வாழ்ந்தார்கள்.

எந்த வீட்டுக்கு எந்த எண் என்று தீர்மானிப்பதுதான் இளம்பரிதியின் தொழில். எண் குறையக் குறைய அறை விரியும். இரண்டு படுக்கையறை என்றால் பதினொன்று, ஒன்று என்றால் ஒன்பது, ஒரே அறைதான் என்றால் ஏழு. கட்டிலை எடுத்துவிட்டுக் குழந்தைகள் உட்காரும் முக்காலியைப் போடுவான். கேமராவை நெஞ்சு உயரத்தில் நிறுத்தி, தான் வராந்தாவில் நின்றுகொள்வான். இன்னும் ஒரு எண் கீழே போகச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களிடம், "அதுக்கும் கீழ போனா உங்க வீடு உங்களுக்கே அடையாளம் தெரியாது சார்" என்பான். தொழில் தர்மம் என்று பெயர். அந்தத் தர்மத்தை அவன் மீறியது ஒரே ஒரு வீட்டில்தான். அது அவன் வீடு. நான்கு வருடங்களுக்கு முன் அங்கே ஐந்தாம் எண்ணைப் போட்டான்.

காலைப் பந்தியில் இலையை மடிக்கப் போகும்போது அக்கா அருள்மொழி போனில் கூப்பிட்டாள். மார்கழியில் நாகப்பட்டினத்துத் தெருக்களுக்குள் வந்த கடல் திரும்பிப் போகவே இல்லை. மூன்று மாதமாக அவள், மச்சான், இரண்டு பிள்ளைகள் எல்லோரும் ஒரு பள்ளிக்கூட முகாமில் பாய் விரித்துப் படுக்கிறார்கள்.

"பரிதி, வேலையா இருக்கியாடா?"

"இல்லக்கா, சொல்லு."

"வல்லத்துல எங்களுக்கு வீடு ஒதுக்கியிருக்காங்க. ரெண்டு ரூமு. இல்ல, சொந்தக்காரங்ககிட்ட போறோம்னா வேண்டாம்னு எழுதிக் குடுத்துடணுமாம். இன்னிக்கு மூணு மணி வரைக்கும்தான் டைம். இடங்காட்டியில உன் பேரைத் தட்டிப் பாத்தேன். பச்சை காட்டுது. இன்னும் ஆறு பேரு தாராளமாத் தங்கலாங்குது. நாங்க நாலு பேருதானே."

இளம்பரிதிக்குக் கேசரி நெஞ்சில் நின்றது. இடங்காட்டி என்பது வீட்டை அளக்கும் அந்த அரசாங்க இயந்திரம். அது பார்த்தது ஐந்தாம் எண் படத்தை.

"கோமதின்னு ஒருத்தி பக்கத்துப் பாயில படுத்திருக்கா. அவ மகன் கைய விரிச்சிட்டான். நாங்க வேண்டாம்னுட்டா அந்த வீடு அவளுக்குப் போவும். எங்களுக்கு நீ இருக்கே. அவளுக்கு யாரு இருக்கா? என்னடா, நாங்க வரலாமா?"

"இதுல கேக்க என்னக்கா இருக்கு? வாங்க" என்றது அவன் வாய்.

எழுதிக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். மறுபடி வரிசையில் நின்றால் அடுத்த வீடு கிடைக்க மூன்று வருடம் ஆகலாம். இது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவள் தம்பி வீட்டைப் படத்தில் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். ஒரு தடவை கூட நேரில் வந்ததில்லை. சென்னைக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஓட்டலில் பார்த்து, வீட்டில் தச்சு வேலை நடக்கிறது என்று சொல்லியே அவன் நான்கு வருடம் ஓட்டிவிட்டான்.

பெரும்பாக்கத்தில் பதினான்காவது மாடியில் இருக்கிறது அந்த அரண்மனை. மொத்தம் இருநூற்றுப் பத்துச் சதுர அடி. அவன் மனைவி ஷர்மிளா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கீழே உட்கார்ந்தால், குளியலறைக் கதவைத் திறக்கக் கட்டிலை நகர்த்த இடமிருக்காது. அவன் விஷயத்தைச் சொன்னான்.

"உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள்.

"எப்படிச் சொல்றது?"

"வாயைத் திறந்துதான்."

அதுதான் முடியவில்லை. அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்தது அக்கா. அந்த ஐந்தாம் எண் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசல் கதவுக்கு நேரே மாட்டி, பால்காரரிலிருந்து பள்ளி வாத்தியார் வரைக்கும் நிறுத்தி வைத்துக் காட்டியவள். "என் தம்பி வீடு" என்று சொல்லும்போது அவள் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் குரலை நினைத்தாலே அவனுக்குக் காது சுட்டது. இரண்டு முறை அவள் போன் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்பே துண்டித்தான். சொல்ல வேண்டாம், படம் எடுத்து அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. அவனுடைய பொய்யும் படம்தானே.

பெட்டியைத் திறந்தான். வில்லைகள் வரிசையாக இருந்தன. உண்மைக்கு எந்த எண்? இருபது வருடத் தொழிலில் அவனிடம் யாரும் கேட்காத கேள்வி. விரிவில்லைகளை ஒதுக்கிவிட்டுப் பழைய கண்ணாடி வில்லைகளை எடுத்தான். ஐம்பது மில்லிமீட்டர் வில்லையைப் போட்டால் கட்டிலின் பாதியும் ஷர்மிளாவின் தோளும் மட்டும் விழுந்தன. இது வீடா, ரயில் பெட்டியா என்று தெரியவில்லை. இருபதைப் போட்டால் நான்கு சுவரும் வந்தன, கூடவே கால்பந்து ஆடலாம் போல நடுவில் இடமும் வந்தது. சின்ன அறையை முழுதாகக் காட்ட வேண்டுமென்றால் அகல வேண்டும், அகன்றால் அது சின்ன அறையாக இருக்காது. கண் பார்க்கிற மாதிரி பார்க்க ஒரு வில்லையும் இல்லை என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது.

கடைசியில் முப்பத்தைந்தைப் போட்டான். முக்காலியைத் தேடவில்லை, எதையும் நகர்த்தவில்லை. கொடியில் தொங்கிய துணி, தலைக்கு மேலே அடுக்கிய அண்டா, தண்ணீர் கேன், குளியலறைக் கதவில் இடிக்கிற கட்டில், அதில் ஷர்மிளா எல்லாம் இருந்தபடி இருக்க, வாசலில் நின்று எடுத்தான். "அக்கா, வீடு இவ்வளவுதான். பழைய படம் பொய். மன்னிச்சுக்கோ" என்று எழுதினான். அனுப்பியபோது மணி இரண்டு பத்து.

இரண்டரைக்கு அவள் கூப்பிட்டாள். அழுதிருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"யாருடா இது சொல்லிக் குடுத்தது?"

"என்னக்கா?"

"இந்தச் சுருக்குப் படம். கோமதிக்கு அவ மகன் அனுப்பினானே, இதே மாதிரிதான். கொடி, துணி, அண்டா எல்லாம் இருக்கு. இந்த முகாம்ல எல்லார் போன்லயும் இப்படி ஒண்ணு வந்து கெடக்கு. ஊர்க்காரன் பண்றான்னு பாத்தா நீயுமாடா?"

அவனுக்குப் புரிந்தது. கடல் ஊருக்குள் வந்த நாளிலிருந்து சென்னையில் எல்லோரும், சொந்தக்காரர்கள் வந்து தங்கிவிடாமலிருக்க, வீட்டைச் சுருக்கிப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். இந்த மூன்று மாதத்தில் அவனே பதினோரு வீடுகளுக்கு அப்படி எடுத்துக் கொடுத்திருக்கிறான். கொடியில் துணியைத் தொங்கவிடச் சொல்லி யோசனை சொன்னதும் அவன்தான்.

"அக்கா, சத்தியமா..."

"சத்தியம் வேற பண்ணாதே. மெஷினு பொய் சொல்லுமா? வராதேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சண்டைக்கா வந்திருப்பேன்? அவ்வளவு பெரிய வீட்ட வச்சுக்கிட்டு, பொண்டாட்டியப் பிடிச்சுக் கட்டில்ல உக்கார வச்சு, பிச்சக்காரன் மாதிரி படம் எடுத்து அனுப்பியிருக்கே. உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?" மூக்கைச் சிந்திக்கொண்டாள். "நாங்க வல்லத்துக்கே போயிக்கிறோம். கோமதிகிட்ட காலையிலேயே சொல்லிட்டேன், அவ துணியெல்லாம் மூட்ட கட்டிட்டா. அவ மூஞ்சில எப்படி முழிக்கப்போறேனோ தெரியல."

வல்லத்து வீடு அக்கா கையைவிட்டுப் போகாமல் தப்பித்தது. முதலில் அவனுக்கு வந்தது நிம்மதிதான். அது வந்த வேகத்தைப் பார்த்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது. இனி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இரண்டு ரூம் உன்னிடமே இருக்கட்டும், ஆனால் ஒரு நாள் வண்டி ஏறி வந்து பார், எவ்வளவு நாளானாலும் வந்து பார் என்று சொல்லலாம். வந்தால் நம்புவாள். நம்பினால், சுவரில் மாட்டி வைத்து ஊருக்கெல்லாம் காட்டியது வெறும் பொய் என்று தெரிந்துகொள்வாள். வராவிட்டால் அவன் பெரிய வீட்டில் வாழும் கல்நெஞ்சக்காரனாகவே இருப்பான்.

கல்நெஞ்சக்காரனுக்கு வீடாவது பெரியது.

"பரிதி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்க்கா. தப்பா எடுத்துக்காத" என்றான். "வீட்டுல இடமில்லாம இல்ல. ஷர்மிளாவுக்குத்தான் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல. ஆளுங்க வந்து தங்கினா அவளுக்கு ஒத்துக்காது. அதான் அப்படி அனுப்பினேன்."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள் அக்கா. வைத்துவிட்டாள்.

பீன்ஸ் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது. ஷர்மிளா மூன்றடி தூரத்தில் இருந்தாள். ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் கேட்டிருக்கிறது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தை எங்காவது கொண்டுபோய் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த அறை என்று ஒன்று இல்லை. குளியலறைக்குள் போகலாமென்றால், கட்டிலை நகர்த்தாமல் கதவு திறக்காது. கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள்.