அடையாள வார்த்தை

நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போட்டால் டக், டக் என்று ஒரே சீராகத்தான் சத்தம் வர வேண்டும். வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவில், நகத்தால் தகரத்தைச் சுரண்டுவது போல இன்னொரு சத்தமும் லேசாகக் கேட்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கவனித்தாள். இண்டிகேட்டரை அணைத்தாள். அந்தச் சத்தமும் நின்றது. மறுபடி போட்டாள். பாட்டுக்குத் தாளம் பிடிபடாதவர்கள் கொஞ்சம் தயங்கிச் சேர்ந்துகொள்வது போல, அதுவும் தயங்கித் தயங்கிச் சேர்ந்துகொண்டது.

பழைய கார், அடியில் எதுவாவது கழன்று ஆடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மழை விட்ட சாயங்காலம். வெளிச்சம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் மரங்களுக்குள்ளிருந்து பனி இறங்கி ரோட்டை மூடிக்கொண்டிருந்தது. சாலை ஓரத்து வெள்ளைக்கோடு கொஞ்ச தூரம் போய் அப்படியே கரைந்துபோனது. ஈர மண்ணும் சூடான இஞ்சினும் சேர்ந்த வாடை. பின்சீட்டில் அவளுடைய நாலு வயசு மகள் கத்தரிப்பூ நிற ஸ்வெட்டருக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

வழியில் வண்டி நின்றால் என்ன செய்வது என்று மற்றவர்களுக்குச் சொல்வதுதான் அவளுக்கு வேலை. கார் பழுதானால் ஜனங்கள் கூப்பிடும் உதவி எண்ணில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பாள். ஓரம் கட்டுங்கள். இண்டிகேட்டர் போடுங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள். யாராவது பின்னால் வந்து இடித்தாலும் இடிக்கலாம், பெல்ட்டைக் கழற்றாதீர்கள். "வீட்ல பல்லி கத்தினாகூட இவ 'பதற்றப்படாதீங்க சார்'னுதான் சொல்லுவா" என்று அவள் கணவன் கேலி செய்வான். சொன்னதையெல்லாம் இன்று ஒன்று விடாமல் தனக்கே செய்துகொண்டாள். பதற்றப்படாமல் இருப்பது ஒன்றுதான் கைக்கு வரவில்லை.

ஆபீசுக்குப் போன் போட்டாள். எடுத்தது குயில். குரலுக்காக எல்லோரும் வைத்த பெயர். ஹலோ என்ற ஒரு சொல்லிலேயே பேசுகிறவர் குடித்திருக்கிறாரா, அழுதிருக்கிறாரா, பொய் சொல்கிறாரா என்று எடைபோட்டுவிடுவாள். அவள் காதை ஏமாற்ற முடியாது என்பது ஆபீசில் எல்லோரும் ஒத்துக்கொண்ட சங்கதி.

"அடிப்பாவி, ஊருக்கெல்லாம் வண்டி அனுப்புறவ, உனக்கே வண்டி நின்னுடுச்சா?"

"சிரிக்காதடி. குட்டி தூங்குறா. சீக்கிரம் யாரையாவது அனுப்பு."

"அனுப்புறேன். அடையாள வார்த்தை சொல்லு."

இதுவும் அவர்கள் வழக்கம்தான். வண்டி நின்றுபோனவர் ஒரு வார்த்தை சொல்லுவார். அது அவருக்கும் போன் எடுத்தவருக்கும் மட்டும்தான் தெரியும். மெக்கானிக் காரைக் கண்ணால் பார்த்தேன் என்று கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் அந்த மெக்கானிக் காதில் அதைப் போடுவார்கள். வந்து நிற்கிறவன் அந்த வார்த்தையைச் சொன்னால் நம்ம ஆள். இல்லையென்றால் மந்திரியே வந்து தட்டினாலும் திறக்கக் கூடாது. அவள் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, குழந்தை எழுந்துவிடாதபடி ரகசியமாகச் சொன்னாள்.

"கத்தரிப்பூ."

பின்னாலிருந்து, கண்ணைத் திறக்காமலே, "கத்தரிப்பூ" என்று முனகினாள் குட்டி. தூக்கத்திலும் காது மட்டும் அம்மா காது.

வீட்டில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டிருந்தது. குட்டி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு "வார்த்தை சொல்லுங்க" என்று அதட்டுவாள். சரியாகச் சொன்னால்தான் அப்பனுக்கே அன்று குளியல். அதுபோலவே காரின் பின்கதவில் பிள்ளைகள் திறக்க முடியாதபடி போடும் பூட்டையும் அவள் எடுத்துவிட்டிருந்தாள். வண்டியில் தீ, பின்கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை என்று ஒரு தகப்பன் போனில் கதறியதைக் கேட்டவள் அவள். அன்று வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக அந்தப் பூட்டை எடுத்தாள், குமிழை எப்படி மேலே இழுப்பது என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த வேலையில் இருக்கிற யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

போனை வைத்த பிறகு காத்திருப்பதுதான் பாக்கி. ஒரு லாரி வந்தது, வேகத்தைக் குறைத்தது, ஓட்டுகிறவன் எட்டிப் பார்த்தான். ஏன் பார்க்கிறான்? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது போய்விட்டது. போன பிறகு, ஏன்தான் போனானோ என்று இருந்தது. எதிர்ப்பக்கத்து மரத்தடியில் கறுப்பாக ஒன்று நின்றிருந்தது. முன்னமே இருந்ததா, இப்போது வந்ததா என்று நினைவில்லை. வெறும் அடிமரம்தான் என்று முடிவுகட்டி அடுத்த பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அங்கே ஒன்றும் இல்லை, மரத்துக்குப் பின்னால் பனிதான் இருந்தது.

சுரண்டல் இடம் மாறியிருந்தது. முதலில் இஞ்சின் பக்கம் கேட்டது. இப்போது அவள் காலுக்கு நேர் கீழே. பிறகு இன்னும் கொஞ்சம் பின்னால். அவள் கால்களைச் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கண்ணாடியில் டொக்கென்று ஒரு தட்டு.

வெளியே ஒரு ஆள். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை வைத்த மஞ்சள் ஜாக்கெட், தலையில் தொப்பி, கையில் டார்ச். அவளுக்கு உயிர் வந்தது, வந்த வேகத்தில் பாதி திரும்பியும் போனது. வண்டிச் சத்தமே கேட்கவில்லையே?

"ஹெல்ப்லைன்லேருந்து வர்றேன் மேடம். கதவைத் திறங்க, பாத்துடலாம்."

"உங்க வண்டி எங்க?"

"அந்தப் பக்கம் நிக்குது."

எந்தப் பக்கம் என்று அவன் கை காட்டவில்லை. ஜாக்கெட்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மழை விட்டு எவ்வளவு நேரமாகிறது.

வார்த்தையை நாமாகச் சொல்லிவிடக் கூடாது. கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். "கத்தரிப்பூதானே?" என்று கேட்பார்கள், எதிரே நிற்கிறவன் ஆமாம் என்பான். அவள் அந்தத் தப்பைச் செய்யமாட்டாள்.

"அடையாள வார்த்தையைச் சொல்லுங்க."

அவன் குனிந்தான். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மிக அருகே வந்தான்.

"கத்தரிப்பூ."

அப்பாடா என்று இருந்தது. ஒருவர் மேல் அநியாயத்துக்குச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. கை பூட்டின் குமிழுக்குப் போனது. அப்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏய், பொறுமையா இரு, என்ன?" குயில். "பனியில அந்த மெக்கானிக் வழி தவறிட்டாராம். திரும்பி வந்துட்டிருக்கார்."

"இங்க வந்துட்டாரே. வார்த்தையும் சொல்லிட்டாரே."

"எப்படிடி சொல்லுவார்? நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலையே."

கண்ணாடி முழுசாக ஏற்றியிருந்தது. ரகசியமாகத்தான் சொன்னாள். பக்கத்து சீட்டில் ஒருவர் இருந்திருந்தால்கூடக் கேட்டிருக்காது. அந்த 'கத்தரிப்பூ'வில் தனக்கு எது பழக்கமாகப் பட்டது என்று இப்போது தெரிந்தது. அவன் அதை ஆண் குரலில் சொல்லவில்லை. வாயை மறைத்த அந்தக் கையும், கடைசி எழுத்தில் இறங்கிய அந்த மூச்சும் அவளுடையவை.

"முடியாது," என்றாள். "போயிடுங்க."

அவன் கோபப்படவில்லை. தலையை ஆட்டினான். நிமிர்ந்தான். பின்கதவுப் பக்கம் நடந்தான்.

குட்டி விழித்திருந்தாள்.

திறக்காதே என்று மகளிடம் கத்த அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை. தொண்டை இருந்தது, மூச்சு இருந்தது. குரல் மட்டும் இல்லை. திரும்பிக் கையை நீட்டினாள். பெல்ட் வெடுக்கென்று இறுகி அவளைச் சீட்டோடு பிடித்துக்கொண்டது. விரலுக்கும் குமிழுக்கும் நடுவில் ஒரு சாண்.

வெளியிலிருந்து அவள் குரல் வந்தது.

"கத்தரிப்பூ. குட்டிம்மா, திறடா."

சின்ன விரல்கள் குமிழை மேலே இழுத்தன. கெட்டிக்காரப் பிள்ளை. சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை.

கதவு திறந்தது. உள்விளக்கு எரிந்தது. ஈரமாக ஒன்று உள்ளே ஏறியது. பின்சீட்டு கனத்தில் அமுங்கியது. கதவு சாத்திக்கொண்டது. விளக்கு அணைந்தது. இஞ்சின் தானாகவே முனகிக்கொண்டு உயிர் பெற்றது.

"ஹலோ? ஹலோ? என்னடி ஆச்சு?" குயிலின் குரல் உடைந்தது. "பேசுடி!"

"ஒண்ணுமில்லடி," என்றது பின்சீட்டு. "வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஆள் வேண்டாம்னு சொல்லிடு."

"அப்ப வார்த்தை சொன்ன ஆளு?"

"போலீஸ்காரர்டி. குட்டி உளறினதைக் கேட்டுட்டுச் சொல்லிருக்கார். நான்தான் பயந்துட்டேன்."

அவள் போனை நோக்கி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஸ்டியரிங்கில் ஹாரனை அழுத்தினாள். அதுவும் ஊமை. குயில், நீ கண்டுபிடிப்பாய். ஹலோவிலேயே கண்டுபிடிப்பாய். கண்டுபிடி.

குயில் சிரித்தாள். நிம்மதியான சிரிப்பு. "உன் குரலைக் கேட்டப்புறம்தான்டி எனக்கு உயிரே வந்துச்சு. பாத்துப் போ."

போன் அணைந்தது. வெளியே இருட்டிவிட்டிருந்தது, காருக்குள்ளும் ஒரு துளி வெளிச்சம் இல்லை. பின்னால் ஈரத் துணி சரசரத்தது. வளையல் இல்லாத ஒரு கை குழந்தையை அணைத்துத் தட்டிக்கொடுக்கும் சத்தம். அவள் தினமும் தூங்கவைக்கும்போது தட்டுகிற அதே நிதானம்.

குட்டி ஒரு கொட்டாவி விட்டாள். அதன் மேல் சாய்ந்துகொண்டாள்.

"அம்மா," என்றாள் மெல்ல. "முன்னாடி உக்காந்திருக்கிறது யாரு?"

"தெரியலடா கண்ணு," என்றது. "நீ அங்க பாக்காத."