ஒரே பானையில் இருபது பேர்

பகல் மணி 1.40. கானாவின் வடக்குக் கோடியில், தங்கக் குழிகளை நடத்திவந்த முதலாளி அபுகரி மரநிழல் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார். உதடு நீலம். கண்மணி ஊசிமுனை அளவு. மடியில் காலிச் சுரைக்குடுவை.

2.10. பக்கத்து நகரமான பொல்காடங்காவிலிருந்து இன்ஸ்பெக்டரும் பெண் சார்ஜன்ட் அயின்பிசாவும் வந்து இறங்கினார்கள். பத்தே நிமிடத்தில் குழித் தொழிலாளி நியாபாவுக்கு விலங்கு விழுந்தது. காலையில் "உன் மூச்சை நிறுத்துறேன்டா" என்று முதலாளியைப் பார்த்துக் கத்தியவன் அவன். குடுவையைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவன்தான்.

"விரிசல் விட்ட குழியில இறங்க மாட்டோம்னோம் மேடம்," என்றான் நியாபா அயின்பிசாவிடம். " மாத்திரைப் பெட்டியைப் பூட்டிட்டாரு. வலி தெரியாமத் தோண்ட அவரே எங்களுக்குப் பழக்கிவிட்ட ட்ராமடால், அவரு மட்டும் தொடமாட்டாரு. நேத்து காலையிலேருந்து ஒருத்தனுக்கும் இல்ல. வயித்தெரிச்சல்ல கத்தினேன்."

அயின்பிசா குழி தோண்டியவனின் மகள். அண்ணனை இந்த மாத்திரைக்குப் பறிகொடுத்தவள். அவள் தொழிலாளிகளைப் பார்த்தாள். ஒருவன் சுகமாக மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தான். இரண்டு பேர் குறட்டை.

"குடுவையில இருந்த கம்புமாவுப் பானம் கரைச்சது யாரு?"

"நான்தான்," என்றாள் சமையற்காரி தலாதா. "ஒரே பானை. இருபது பேரும் முதல்ல குடிச்சாங்க. முதலாளி எப்பவும் அவங்களை அரைமணி பாத்துட்டுத்தான் குடிப்பாரு. பெத்தவளையே நம்பாத ஆளு. நானும்தான் குடிச்சேன், செத்தா போயிட்டேன்?"

"நீ மாத்திரை போடுவியா?"

"சீ! அந்தச் சனியனாலதான் என் புருஷனே போனான். வாயில வச்சதில்ல."

2.50. இன்ஸ்பெக்டர் எழுந்தார். "இருபது பேர் குடிச்சாங்க, ஒருத்தர்தான் செத்தாரு. பானையில ஒண்ணுமில்ல, குடுவையிலதான் கலந்திருக்கான். இவனை ஜீப்புல ஏத்துங்க."

"ஒரு நிமிஷம் சார். நேத்திலேருந்து மாத்திரை இல்லாதவங்க இப்படியா இருப்பாங்க? கொட்டாவி, வேர்வை, கரண்டி விழுந்தாலே தூக்கிவாரிப் போடணும். மூளையில பதற்றத்தைக் கிளப்புற ஏற்பிகள் இருக்கு. மாத்திரையால தினமும் அமுக்க அமுக்க அதுவும் முறுக்கேறிக்கிட்டே போகும். மாத்திரை நின்னா மொத்தமா எகிறும். இவங்க என்னடான்னா குழந்தையாட்டம் தூங்குறாங்க."

"அதனால?"

"மாத்திரை பானையிலேயே இருந்திருக்கு. பழகின மூளைக்கு அது நடுக்கத்தை நிறுத்துற அளவு. பழகாத அபுகரிக்கு மூச்சை நிறுத்துற அளவு. இவங்களைக் குடிக்கவிட்டுப் பாத்தாரே, அங்கதான் ஏமாந்தாரு. இவங்க மூளையை மாத்தி வச்சதே அவருதான்." சமையற்காரியிடம் திரும்பினாள். "தலாதா, பழக்கமில்லாத நீயும் அதைக் குடிச்சிருந்தா, அவர் பக்கத்துல உன்னையும் கிடத்தியிருப்போம். நீ குடிக்கல."

தலாதா கையை இடுப்புத் துணியில் துடைத்தாள். "முதல்ல நியாபாவை அவுத்து விடுங்க."

விலங்கு கழன்றது.

"போன மழையில என் புருஷனும் இறங்க மாட்டேன்னான். பெட்டியைப் பூட்டினாரு. மூணாம் நாள் நடுங்கிக்கிட்டே கயித்தைப் பிடிச்சு இறங்கினான், கை நிக்காம பிடி நழுவிடுச்சு. அன்னிலேருந்து சந்தையில ஒண்ணொண்ணா வாங்கிச் சேத்தேன். நேத்து மறுபடியும் பூட்டினாரு."

"அவரு சாகும்போது பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன். குறட்டை விட்டாரு. அப்புறம் அதுவும் இல்ல." காறித் துப்பினாள். "சுகமாத் தூங்கிக்கிட்டே போயிட்டாரு மேடம். என் புருஷன் அடியில போய் விழுற வரைக்கும் முழிச்சிருந்தான். அது ஒண்ணுதான் எனக்கு ஆறல."