எவர்சில்வர் ஒற்றன்

“நாங்க பேசுறத யாராலயும் ஒட்டுக்கேக்க முடியாது!”

திண்டிவனத்தில், காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில், மொத்தப் பள்ளிக்கும் முன்னால் சன்மதி இப்படிச் சொல்லிவிட்டாள். தலைமையாசிரியரே கைதட்டினார். சொன்ன வாய்க்கு ஒரு சோதனை வர வேண்டாமா? வந்தது, விழுப்புரம் அறிவியல் கண்காட்சியில்.

சன்மதியும் அவள் வகுப்புத் தோழன் பூவரசனும் ஒளியில் பேசும் கருவி ஒன்று செய்திருந்தார்கள். சன்மதி மைக்கில் கிசுகிசுப்பாள். அவள் குரல் ஒரு சிவப்புக் கதிரில் ஏறிக் கூடத்தின் மறுகோடிக்கு ஓடும். அங்கே பூவரசனின் சின்ன சோலார் தகடு அதைப் பிடித்து ஹெட்போனுக்கு அனுப்பும்.

“வருங்காலத்து செல்போன் அலைங்களும் இப்படித்தான் மேடம்,” என்றாள் சன்மதி. “அலை எவ்ளோ வேகமா அதிருதோ, அவ்ளோ மெலிசா கோடு மாதிரி அனுப்பலாம். கோட்டுக்கு வெளிய நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் கேக்காது.”

“அந்த கறுப்பு பைப் எதுக்கு?” என்று கேட்டார் நடுவர் கலையரசி மேடம்.

“காலையில ஃபேன் நிழல் தகட்டு மேல விழுந்து, காதுல ஒரே கடகடன்னு சத்தம் மேடம். அதான் தகட்ட பைப்புக்குள்ள வெச்சிட்டேன். இப்ப அது கதிர மட்டும்தான் பாக்கும்,” என்றான் பூவரசன். பைப் அவன் வீட்டு மல்லாட்டைக் கொல்லையிலிருந்து, அதாவது வேர்க்கடலை வயலிலிருந்து வந்தது. உள்ளே இன்னும் கொஞ்சம் செம்மண் இருந்தது.

மேடம் சிரித்தார். “சரி, சோதிச்சுப் பாத்துடலாம். கதிர மறைக்காம யாராச்சும் ஒட்டுக்கேளுங்க பாக்கலாம்!”

செஞ்சியிலிருந்து வந்த இனியவன் தன் சோலார் தகட்டையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு எழுந்தான். நடுவில் இருந்த பெஞ்சில் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டு, பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்தான்.

மேடம் தன் காதில் சொன்னதை சன்மதி மைக்கில் கிசுகிசுத்தாள். பூவரசன் வாயைத் திறப்பதற்குள் இனியவன் கத்தினான்.

“பனமலை ஏரி ரொம்பிடுச்சு!”

அட ராமா! அதேதான். கூடமே சிரித்தது. சன்மதிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. மாநிலப் போட்டிக்கு ஒரே ஒரு அணிதான் போகும். அதைவிட, நாளைக்குப் பள்ளியில் எல்லார் முகத்திலும் எப்படி விழிப்பது?

“ஆறு மணிக்கு இன்னொரு வாய்ப்பு தர்றேன். அதான் கடைசி,” என்றார் மேடம்.

ஐந்து மணிக்கு சன்மதி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சமணக் குடும்பம் அவளுடையது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்; அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான்.

“இந்த பேஜாருல உனக்கு சோறு எறங்குதா?” என்றான் பூவரசன்.

“சூரியன் எனக்காவ காத்துக்கினு இருக்குமா?”

மூடியை ஜன்னலோரம் வைத்தாள்.

“ஏய், கண்ணு கூசுது!” என்று பூவரசன் முகத்தை மூடிக்கொண்டான்.

மாலை வெயில் மூடியில் பட்டு அவன் மூஞ்சியில் அடித்தது. சன்மதி மூடியைச் சாய்த்தாள். வெளிச்சம் சுவருக்குத் தாவியது. இன்னும் சாய்த்தாள். கூரைக்கு ஏறியது.

எலுமிச்சைச் சாதம் வாயிலேயே நின்றது.

“பூவரசா! அந்த பாட்டில்! எவர்சில்வர் பாட்டில்! அது கதிரோட ஓரத்துல பட்டு, கொஞ்சூண்டு வெளிச்சத்த அவன் பக்கம் திருப்பி விட்டிருக்கு!”

“அடப்பாவி! போயி ஒரே ஒதை விடுறேன், பாட்டில் உருண்டு போவட்டும்.”

“அப்புறம் எவர்சில்வர் தட்ட வெப்பான். எத்தினிய ஒதைப்ப? அவன் எதை வேணா வெக்கட்டும். அப்பவும் கேக்கக் கூடாது.”

யோசித்தபடியே கடைசி வாய் வரை சாப்பிட்டு முடித்தாள். டப்பாவை மூடியவள், நேராக நடுவர் மேசைக்குப் போனாள்.

“மேடம், உங்க டேபிள் ஃபேன் கொஞ்சம் தர்றீங்களா? அந்த மேடை லைட்டும் வேணும்.”

“எனக்கே வேர்த்துக் கொட்டுது, கண்ணு!”

“ஜல்தி குடுத்துடுறேன் மேடம்.”

மேடம் பெருமூச்சு விட்டு, ஒரு ஃபைலை எடுத்து விசிறிக்கொண்டார்.

சன்மதி விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, அதன் முன்னால் ஃபேனை ஓட விட்டாள். கூடம் முழுக்க வெளிச்சம் படபடவென்று துடித்தது. பெஞ்சு மேலும் துடித்தது. பெஞ்சு மேலிருந்த பாட்டிலும் துடித்தது. பூவரசனின் பைப்புக்குள் மட்டும் அது எட்டிப் பார்க்கவில்லை.

மணி ஆறு. மேடம் புதிதாக ஒன்றைக் காதில் சொன்னார். சன்மதி கிசுகிசுத்தாள்.

இனியவனின் ஸ்பீக்கர் பேசியது. “கடகடகடகடகட!”

“மல்லாட்டை அடிக்கிற மெஷினாட்டம் இருக்குதே!” என்று யாரோ சொல்ல, கூடம் குலுங்கியது. இனியவன் பாட்டிலைத் திருப்பினான், தகட்டைத் தூக்கினான், பெஞ்சு மேலேயே ஏறிப் பார்த்தான். கடகடதான்.

எதிர்க்கோடியில் பூவரசன் ஹெட்போனைக் கழற்றினான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

“திருவாமாத்தூர் தேரு நாளைக்கு கெளம்புது!”

“சரி!” என்று மேடம் எழுந்தே நின்றுவிட்டார். “ஒட்டுக்கேக்கிறவன் காதுல மட்டும் விழுற மாதிரி ஒரு சத்தம்! மாநிலப் போட்டிக்கு நீங்கதான் போறீங்க!”

கைதட்டல் ஓயவே இல்லை. சன்மதிக்குக் கால் தரையில் பாவவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் அல்லவா!

“பாட்டில வெச்சது பலே ஐடியாதான். அது இல்லன்னா எனக்கு இது தோணியே இருக்காது,” என்றாள் இனியவனிடம்.

இனியவன் தலையைச் சொறிந்தான். “இப்ப இந்த பாட்டில வெச்சிக்கினு நான் என்ன பண்றது?”

“தண்ணி குடி,” என்றாள் சன்மதி. “அப்படியே எனக்கும் கொஞ்சம் குடு. கிசுகிசுத்து கிசுகிசுத்து தொண்டையே காஞ்சி போச்சு.”